கொண்டைக்குருவிக்கு உறைக்காது

மாடித்தோட்டக்காரர்களிடையே ஓர் அந்தஸ்து வரிசை உண்டு. கத்தரி, வெண்டை போட்டவர்கள் கடைசி பெஞ்ச். டிராகன் பழம் வைத்தவர் அதிகாரி. நாகா மிளகாய் வைத்தவரிடம் பேசவே அனுமதி வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டு நாகா, மைத்துனன் தந்த நாற்று. "அத்தான், 2007-ல கின்னஸ்ல ஏறின மிளகா. பத்து லட்சம் ஸ்கோவில்!" என்றான், பைபாஸில் சென்ட் விலை சொல்கிற குரலில்.

வில்பர் ஸ்கோவில் அமெரிக்க மருந்தாளுநர். 1912-ல் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, உறைப்பு தெரியாமல் போகும்வரை நீர்க்க வைத்து, ஆட்களிடம் குடிக்கக் கொடுத்துக் காரத்தை அளந்தார். அவர்களுடைய மறுநாள் காலை பற்றி வரலாறு எதுவும் சொல்லவில்லை.

காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில்தான் என்று படித்துச் சொன்னேன். மனைவி அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஒரே ஒரு காயில் பாதியைச் சாம்பாரில் போட்டாள். எதிர்வீட்டு ஆச்சி தும்மினாள். இதே மிளகாயில் கூட்டத்தைக் கலைக்கும் புகைக்குண்டு செய்ய நம் ராணுவ ஆய்வாளர்கள் முனைந்தார்களாம். எங்கள் அடுக்களை அந்த ஆராய்ச்சியை முடித்தே விட்டது.

ஆனால் கொண்டைக்குருவி வந்து பழுத்ததாகப் பார்த்துக் கொத்திப் போகிறது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதில்லை. பறவை விதையை மெல்லாமல் விழுங்கி ஊரெல்லாம் பரப்பும். நாம் அரைத்துத் தொலைப்போம். ஆகவே செடியின் பார்வையில் குருவி சம்பந்தி, நான் திருடன். தண்ணீர் ஊற்றுகிற திருடன்.

போதாததற்கு இலைச் சுருட்டை. இலைப்பேனும் சிலந்திப்பேனும் சாறு உறிஞ்ச, தளிரெல்லாம் முறுக்கிக்கொண்டன. அனுபவஸ்தர்கள் சொன்ன மருந்து: இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல். கடையில் மிளகாய் வாங்கி, அரைத்து, மிளகாய்ச் செடியைக் காப்பாற்றினேன். அந்த வாரம் செடி தந்ததைவிடத் தின்றதே அதிகம்.

நாகாதான் இப்படியென்றால், வீட்டுத் தொட்டிக்குக் குண்டு மிளகாயும் வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த உருண்டைக்கு ராமநாதபுரத்து வெயில்தான் லாயக்கு. வத்தலாகக் கடையில் வாங்கித் தாளிப்பதே மரியாதை. பஜ்ஜி மிளகாயை ஒரு மழை மாலைக்காக வளர்க்கலாம். அதற்குமேல் அதற்கு ஆயுசும் இல்லை, அவசியமும் இல்லை.

வீட்டுக்கு ஏற்றது காந்தாரி ஒன்றுதான். விரல்நுனி அளவுக் காய், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பாதி நிழலிலும் காய்க்கும். கவனித்தால் ஒரே செடி சில வருடம் தாங்கும். நாலு காயைச் சின்ன உள்ளியோடும் உப்போடும் நசுக்கி, தேங்காய் எண்ணெய் விட்டு, அவித்த மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொண்டால், நாகர்கோவில்காரனுக்கு வேறு கறி கேட்கத் தோன்றாது. உறைப்பு நாக்கில் சுள்ளென்று ஏறி, மரியாதையாக இறங்கியும் விடும்.

ஒரு தொட்டிக்குத்தான் இடமென்றால் காந்தாரி வையுங்கள். நாகாதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். செடி இலவசம், தொட்டியையும் தருகிறேன்.