ஓட்டமும் மிதிவண்டியும்: ஒரு கரிசல் கணக்கு

ஓடுவது கடினமா, மிதிவண்டி மிதிப்பது கடினமா என்னும் வினாவுக்கு உடலியலார் தரும் விடை எளியது: ஓடுபவர் அடிதோறும் தம் உடலை மேலே தூக்கி, தம் எடையின் இருமடங்குக்கும் மிகுந்த விசையைத் தரையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள, மிதிவண்டிக்காரரின் எடையை இருக்கை சுமந்துவிடுவதால், அதே தொலைவுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றலே அவருக்குப் போதுமானதாகிறது. இக்கணக்கில் சீமைக்கருவேலம் சேர்க்கப்படவில்லை. விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் காட்டுப்பாதையில் அதன் முள் டயரையும் ட்யூபையும் ஒருசேரத் துளைத்தபின் மிதிவண்டி தள்ளுசுமையாகிவிடும். மழை பெய்து கரிசல், அதாவது நீரை உறிஞ்சி உப்பி ஒட்டிக்கொள்ளும் கருங்களிமண், மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டாலோ தள்ளவும் இயலாமல் தோளில் ஏற்ற நேரும் என்பதால், யார் மீது யார் செல்கிறார் என்பதே ஆய்வுக்குரியதாகிறது.

கடினம் ஒருபுறமிருக்க, இன்பத்தைப் பொறுத்தவரை, தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் மிதித்துச் செல்வோர் அதை உடற்பயிற்சி என்று அறியாமலேயே செய்துவருகின்றனர். ஓட்டமோ இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் காவலர் தேர்வைச் சார்ந்தது. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்னும் விதியே பல இளைஞரை விடியலில் எழுப்புகிறது, வேலை கிடைத்தபின் அவ்விதி அவர்களை எழுப்புவதில்லை. பெருநகரத்தாரோ கட்டணம் செலுத்தி, மார்பில் எண் குத்திக்கொண்டு, மகிழ்ந்தே ஓடுகின்றனர். ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு மட்டும் காரில் வருகின்றனர்.