திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை பசி இயங்கும் முறை

திண்டி என்றால் தீனி. ஆகவே திண்டிவனம் தீனிக்காடு. அடுத்த ஊரின் ‘விழு’, ‘விழுங்கு’ என்பதன் தேய்வு. ஆகவே அது விழுங்குபுரம். முதலில் தீனி, அப்புறம் விழுங்கல் என்று உடலியல் வரிசைப்படி ஊர்களை அமைத்த முன்னோர் நுட்பம் வியக்கத்தக்கது. திந்திரிணி என்றால் புளி, புளியங்காடு என்பதே பெயர்க்காரணம் என்று மறுப்பாரும் உளர். அதனால் நம் கோட்பாட்டுக்குக் கேடில்லை. புளி என்றதுமே உங்களுக்கு வாயில் நீர் ஊறியிருக்கும். சோறு வயிற்றை எட்டுமுன்பே செரிமானம் தொடங்கிவிடுவதை நாய்களை வைத்துக் காட்டிய பாவ்லவுக்கு 1904இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நாய்க்குப் பதில் நெடுந்தூரப் பேருந்துப் பயணியை வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

கிளாம்பாக்கத்தில் புறப்படும் வண்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் திண்டிவனத்தை நெருங்கும். (பொங்கலுக்கு முந்திய நாளில் எந்த விஞ்ஞானமும் செல்லாது.) வெறும் வயிறோ சும்மா இருப்பதில்லை. 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை இரைப்பையில் ஓர் அலை கிளம்பி, மிச்சம் மீதியைச் சிறுகுடல் வழியே பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். காற்றும் நீரும் உருளும் அந்த ஓசையைத்தான் ‘வயிறு கடமுடங்குது’ என்கிறோம். பசியின் ஓலம் என்று நாம் இரங்குவது துப்புரவுப் பணியின் இரைச்சல். இந்த 90 நிமிடக் கணக்கை உடலியலார் அளந்து எழுதினார்கள். மோட்டல்காரர்கள் அங்கே மனை வாங்கிப் போட்டார்கள்.

வண்டி ஓரங்கட்டுகிறது. ஒலிபெருக்கியில் பாட்டு காதைக் கிழிக்கிறது. நடத்துநர் தகரத்தைத் தட்டி, “வண்டி பத்து நிமிசம் நிக்கும், டீ, டிபன் சாப்புடறவங்க சாப்ட்டுக்கலாம்” என்கிறார். 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. வழக்கமான சாப்பாட்டு வேளை நெருங்கினால் ரத்தத்தில் ஏறி, மூளையின் ஹைப்போதலாமசுக்குப் பசியைத் தெரிவிக்கும். வேளை பார்த்துச் சுரப்பது தகரத் தட்டலுக்கும் சுரக்கும் என்பது இவ்வாய்வாளன் துணிபு. சான்று: வீட்டில் ஏழு இட்லி தின்றுவிட்டு ஏறிய அன்றும் ஒலக்கூர் தாண்டியதும் எனக்குப் பசித்தது.

அங்கே கிடைக்கும் ஒரே பசியடக்கி விலைப்பட்டியல். அதுவும் காசு கொடுக்கும் வரைதான். கொடுத்தபின் விளைவு தலைகீழ். சட்னிக் கிண்ணத்தை வழித்து நக்காமல் எழ மனம் வராது.

‘போதும்’ என்பதோ தாமதமாக வரும் சேதி. இரைப்பை விரிய வேண்டும்; கொழுப்பும் புரதமும் சிறுகுடலில் இறங்கிக் கோலிசிஸ்டோகைனின் சுரக்க வேண்டும்; வேகஸ் நரம்பு அதை மூளைக்கு எடுத்துப் போக வேண்டும். உறைக்க 20 நிமிடம்போல ஆகும் என்கிறார்கள். வண்டி நிற்பது பத்து. ஆகவே இரண்டு வடையும் ஒரு செட் பூரியும் தடையின்றி உள்ளே போயின. ‘போதும்’ கூட்டேரிப்பட்டு அருகில் வந்து ஏறியது, டிக்கெட் இல்லாமல்.

இதற்கு எதிர்ச்சான்று பக்கத்து இருக்கையில் இருந்தது. அந்த அம்மா கீழேயே இறங்கவில்லை. மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம். வேர்க்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களெல்லாம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அந்த எழுத்துகளே ஊர்ப் பெயரின் சுருக்கம். ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

“பத்து நிமிசத்துல என்னாத்த துன்றது தம்பி? இத உரிச்சிக்கினே போனா விழுப்புரம் வந்துடும்.”

ஈரத்தோலைக் கட்டைவிரலால் நசுக்கி, உள்ளிருந்த உப்புநீரை உறிஞ்சி, பருப்பை ஒவ்வொன்றாக வாயில் போட்டார். கொழுப்பும் புரதமும் முறைப்படி இறங்கின. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, பாதிப் பொட்டலம் மீதியிருக்கவே, “போதும்பா” என்று மடித்துவிட்டார். கிரெலின் தோற்கும் காட்சியை ஓர் ஆய்வாளன் இவ்வளவு அருகில் காண்பது அரிது. குறிப்பெடுக்கப் பேனாவைத் தேடினேன்.

“நீ துன்னு” என்று பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

விழுப்புரத்தில் இறங்கும்போது என் சட்டைப்பை முழுக்க மல்லாட்டைத் தோல்.