புல்லுக்கு ஒரு டாக்டர்!

கே: புல்லையும் மண்ணையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்குகிறார்களாமே! எங்கள் கரட்டில் இல்லாத புல்லா? – வாசகர், பென்னாகரம்

ப: கரட்டுப் புல்லை மூடி நிற்கும் உண்ணிச்செடியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா?

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்த செடி அது. வெட்டினால் துளிர்க்கும். கண்டபடி தோண்டினால், கிளறிய மண்ணில் அதன் விதையே முளைக்கும். வேரை மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும் என்று கண்டு சொன்னது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு.

அகற்றினால் போதுமா? புல் திரும்ப வர வேண்டாமா? ஊசிப்புல்லைப் பாருங்கள். ஈரம் பட்டதும் விதையின் நீண்ட வால் முறுக்கவிழ்ந்து சுழலும். விதை தானே மண்ணைத் துளைத்து இறங்கும். எவ்வளவு கெட்டிக்காரப் புல்! ஆனால் மேல்மண் அரித்துப்போன கரட்டில் அது எதைத் துளைக்கும்? பட்டத்துக்கான ஆராய்ச்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

புல்லுக்குப் பதில் மரம் நட்டால் என்ன என்கிறீர்களா? ஆசியாவின் சவன்னாக்கள், அதாவது மரங்கள் விரவிய புல்வெளிகள், அழிந்த காடுகளின் மிச்சமல்ல, தொன்மையானவை என்று 2016-இல் எழுதியது பெங்களூருவைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் குழு. ஆகவே, வெட்டவெளியைக் கண்டதும் மரக்கன்றோடு ஓடுகிறவர்கள் கொஞ்சம் நிற்கட்டும். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்று அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டுவிட்டுக் குழி தோண்டட்டும்.