பிள்ளைப்பேறும் பீர் வண்டலும்

சென்னைப் புறநகர் நூம்பலில் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பீர் என்று வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள், மாமியார் துடைப்பத்தைத் தேடுவார். அதே மாமியார்தான் மறுநாள் காலையில், "நர்சம்மா குடுத்த மாத்திரைய முழுங்குனியாடி?" என்று மருமகளை அதட்டுவார். அந்த மாத்திரையின் பூர்வீகமே பீர்த் தொட்டியின் அடிவண்டல்தான் என்பதை அவரிடம் யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

1928-ல் பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் இரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடி லண்டனிலிருந்து வந்து இறங்கினார் டாக்டர் லூசி வில்ஸ். அந்தப் பெண்கள் தின்ற தீனியையே எலிகளுக்குப் போட்டார். எலிகளுக்கும் சோகை! ஆனால் கொஞ்ச நாளில், எலிப் பேன் பரப்பிய கிருமியும் சோகையைக் கொடுப்பது தெரிந்தது. பேன் பார்க்காமல் ஆராய்ச்சியில் இறங்கினால் இப்படித்தான்.

அடுத்து மாட்டியது குரங்கு. அது சோகை முற்றிச் சாகக் கிடந்தபோது மார்மைட்டைக் கொடுத்தார். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டைக் காய்ச்சி, 1902 முதல் இங்கிலாந்தில் ஜாடியில் அடைத்து விற்ற கறுப்புப் பசை அது. வெள்ளைக்காரர்களிலேயே பலர் அதன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். குரங்கு பொத்தவில்லை, பிழைத்துக்கொண்டது. பெண்களும் தேறினார்கள். அந்நாளில் சோகைக்குக் கொடுத்த ஈரல் மருந்தைவிட விலையும் மலிவு.

1931-ல் லூசி அம்மையார் சென்னை சாதி-கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். உயர்சாதிப் பெண்களும், கோஷா எனும் பர்தா முறையில் இருந்த பெண்களும் ஆண் டாக்டர் கண்ணில் படாமல் வைத்தியம் செய்துகொள்ள 1885-ல் தொடங்கிய இடம். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பெயர்ப்பலகை சாதி பார்த்தது, சோகை பார்க்கவில்லை.

மார்மைட் பசைக்குள் இருந்த மகிமை என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. 1941-ல் அமெரிக்கர்கள் நாலு டன் கீரையை அரைத்துத் துளியூண்டு பிரித்தெடுத்து, ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். "கீரை தின்னுடி" என்று காலங்காலமாகக் கத்திய மாமியார்களுக்கு விஞ்ஞானம் கையெழுத்துப் போட இவ்வளவு கீரை செலவு.

அதை ஆய்வகத்திலேயே தயாரிக்கும் வேலை நடந்தது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில். நம் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்திக்கொண்டு வந்ததால் அறுவைசிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு மூக்குக்கு மேல் கோபம். எம்.பி.பி.எஸ். போய் எல்.எம்.எஸ். என்ற குட்டிப் பட்டம்தான் மிஞ்சியது. 1920-களில் அமெரிக்காவுக்குப் போனவர், 1945-ல் அங்கே லெடர்லே நிறுவனத்தில் காரியத்தைச் சாதித்தார். பெரிய பட்டம் தராத ஊருக்கு மாத்திரை வந்து சேர்ந்தது.

1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இன்னொன்றையும் நிரூபித்தது. முதுகுத்தண்டுக் குறையோடு பிள்ளை பெற்ற தாய், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட்டைச் சாப்பிட ஆரம்பித்தால், அந்தக் குறை மறுபடி வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது. சிக்கல் என்னவென்றால், கரு தரித்த 28 நாளுக்குள் தண்டுவடமாக வளரும் குழாய் மூடிவிடும். "நாள் தள்ளிப்போச்சா?" என்று வீட்டார் விசாரிப்பதற்குள் பாதி நேரம் காலி.

ஆகவே பூந்தமல்லி ஹைரோட்டுக் கல்யாண மண்டபங்களுக்கு ஒரு விண்ணப்பம்: டாக்டரைக் கேட்டு, சீர்வரிசையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஃபோலிக் ஆசிட்டும் வையுங்கள். பவுன் குறைந்தால் சண்டைக்கு வரும் சம்பந்தி, இது குறைந்தாலும் வரட்டும்.