பாட்டிக்குக் கிடைத்த சீட்

கேள்வி: பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்களாமே! வந்தாரை வாழவைக்க வேண்டாமா?

பதில்: வாழவைக்கலாம், இருப்பவரை விரட்டிவிட்டா? சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பார்க் குவெல் பூங்கா பக்கம் போகும் 116ஆம் நம்பர் பஸ்ஸில், காய்கறிப் பையோடு ஏறும் பாட்டிகளுக்கு நிற்கவும் இடமில்லாமல் இருந்தது. 2024இல் கூகுள் மேப்ஸிலிருந்து அந்த ரூட்டையே நகராட்சியினர் எடுக்கவைத்தார்கள். பாட்டிக்கு சீட் கிடைத்தது! வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டதாக மேயர் ஜவுமே கொல்போனியே சொன்னார். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட மேல்மாடியில் விடிய விடிய ஆட்டம். கீழ்வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குத் தூங்காத கண்ணோடு கிளம்புகிறார். 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமத்தை முடிக்கப்போகிறார்களாம். தாராளமாகச் செய்யட்டும், நாளைக்கே செய்தாலும் சந்தோஷம்தான்.