ஒரு ஸ்கூப் அண்ணன்

அந்தியூர்ச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசும் தரகரைப் புரிந்துகொள்ள இரண்டு சந்தை போதும். வெற்றிலைக் கட்டைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் வியாபாரிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜிம்மிலிருந்து பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே படியிறங்குகிறாரே ஒருவர், அவருடைய ஆழம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது.

ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். ஷேக்கருக்குள் கிடக்கும் கம்பி உருண்டை, சலங்கை கட்டிய காளை தெருத் திரும்புவது போல, கலகலவென்று முன்னறிவிப்புக் கொடுக்கும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் உடனே தினத்தந்தியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். பிடித்தும் பயனில்லை. நம்ம பக்கத்தில் எதிரே வருகிறவரை "சாப்ட்டீங்களா?" என்று கேட்பது வழக்கம். அவர் "இன்னிக்கு எத்தனை கிராம் ஆச்சுங்?" என்று கேட்பார். கேட்டது புரதக் கணக்கு என்று தெரியாமல், நகைக்கடைப் பக்கமே போகாத ஒரு பெரியவர், "இப்ப விக்கற வெலைக்கு எங்கீங் தம்பி" என்று பதில் சொன்னதுண்டு.

பெயர் எதற்கு? ஊருக்கு ஓர் ஆள் இருக்கிறார். பவானியில் ஒருவர், கோபியில் இரண்டு பேர். பொடியன்கள் நேரில் "அண்ணா" என்பார்கள், அவர் தலை மறைந்ததும் "ஸ்கூப் அண்ணன்" என்பார்கள். அப்பா குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறார். மகன் அந்தக் காட்டுப்பக்கம் போவதில்லை. மண்வெட்டி பிடித்தால் உள்ளங்கை காய்த்துவிடும், பிறகு டம்பெல் பிடிக்கும்போது கிரிப் கிடைக்காது என்பது அவர் கட்சி.

அவருக்குத் தலைவலி, கால்வலி, முடி கொட்டுவது, மாமியார் சண்டை என்று தனித்தனி வியாதிகள் கிடையாது. எல்லாமே புரதக் குறைபாடுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அவர் உட்கார்ந்துவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. "அந்த ரசத்துல ஒண்ணுமில்லீங், கலர்த் தண்ணி. பருப்பை இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லுங். ஜாங்கிரியத் தொட்றாதீங், சர்க்கரை சர்ருனு ஏறிக்கும்." இதைச் சொல்லிக்கொண்டே அவர் மூன்றாவது ஜாங்கிரியை மடிப்பார். கேட்டால், "இன்னிக்கு சீட் டேங்க்ணா." கட்டுப்பாட்டுக்கு லீவு விடும் அவருடைய சீட் டே எல்லாம் எப்படியோ முகூர்த்த நாளில்தான் வந்து விழுகிறது.

இதில் சங்கடம் என்னவென்றால் அவர் சொல்வதில் பாதி சரி. முழுவதும் பொய்யாக இருந்தால் நாம் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போகலாமே! ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நம் வீட்டுத் தட்டத்தைப் பார்த்தால் சோறு மலையாகவும், பருப்பு அதன் உச்சியில் ஒரு பொட்டாகவும் இருக்கும். எடை தூக்குகிறவர்களுக்கு 1.4-இலிருந்து 2 கிராம் வரை கணக்குச் சொல்கிறார்கள் விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்கள். அதுவும் சரி. வே புரோட்டீன் ஒன்றும் மாயப்பொடி இல்லை, பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் உள்ள புரதத்தைப் பிரித்துக் காயவைத்தது, அவ்வளவுதான். இந்த விவரத்தை அண்ணன் ஒருநாள் பெருமையாக வீட்டில் விளக்கப்போய், "திரிஞ்ச பால் தண்ணிக்கா மூவாயிரத்துச் சொச்சம் குடுத்தே?" என்று அவர் அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. பால் திரிந்தால் அவர் இதுவரை வாசலில்தான் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஸ்கூப்பில் 24 கிராம். ஒரு முட்டையில் 6. ஆக நாலு முட்டை. இந்த வாய்ப்பாட்டைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். "முட்டை முட்டைதானுங். இது ஐசோலேட்டுங்." அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கோயிலுக்குள் நுழைந்தது போலத் தணிந்துவிடும். (தீர்த்தம் வாங்குவது போலவே வலது கையைக் குழித்து வைத்துக்கொள்வதையும் நான் கவனித்திருக்கிறேன்.) 2024 மே மாதம் அதே ஹைதராபாத் நிறுவனம் 17 உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பொடி சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொன்னது. செய்தியைக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "எழுதுனவங்க பைசெப்ஸ் போட்டோ ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

அவர் நேருக்கு நேர் தோற்ற ஒரே இடம் கீழே இருக்கும் உரக்கடை. கடைக்காரர் ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர், ஆனால் மூட்டையின் மேல் போட்டிருக்கும் எண்களை மனப்பாடமாக அறிந்தவர். மழைக்கு ஒதுங்கிய அண்ணன் அங்கே டப்பாவை வைத்துவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"புரோட்டீன் எத்தனைன்னு எப்படிங் அளக்கறாங்?" என்றார் கடைக்காரர்.

"லேப்ல நைட்ரஜனைப் பார்ப்பாங்க. அதை 6.25-ஆல பெருக்குனா புரோட்டீனுங்."

கடைக்காரர் பின்னால் திரும்பி, அடுக்கியிருந்த யூரியா மூட்டைகளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்ப நைட்ரஜன் எதுல இருந்தாலும் கணக்குல ஏறிக்குமுங்களா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. கடைக்காரர் போகிற போக்கில் கேட்ட கேள்வியில்தான் இந்தத் தொழிலின் பாதி மோசடி அடங்கியிருக்கிறது. மலிவான கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்து நைட்ரஜன் கணக்கை ஏற்றுவதை அமினோ ஸ்பைக்கிங் என்கிறார்கள். 2008-இல் சீனாவில் பால்பவுடரில் மெலமைன் கலந்து குழந்தைகள் செத்ததும் இதே நைட்ரஜன் கணக்கை ஏமாற்றப் போய்த்தான். கேரளத்தில் ஒரு மருத்துவர் குழு 36 புரத டப்பாக்களை வாங்கிப் பரிசோதித்து 2024-இல் 'மெடிசின்' ஆய்விதழில் முடிவைப் போட்டது. நூற்றுக்கு 70 போல டப்பாக்களில் புரத விவரம் தவறு. சிலவற்றில் எழுதியதில் பாதிதான் உள்ளே இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு, 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் மிச்சம். கடைசித் தகவலைக் கேட்டதும் உரக்கடைக்காரர், "அது வேணும்னா நம்மகிட்டயே கெடைக்குமே, எதுக்குங் சுத்தி வளைச்சு?" என்றார்.

அதற்காக அண்ணனை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. டப்பா வந்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுவார். சீல் உடைந்திருக்கிறதா, இறக்குமதி செய்தவர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். தீர்ந்த டப்பாவை நசுக்கித்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் டூப்ளிகேட்காரன் பொறுக்கிப்போய் எதையாவது நிரப்பி விற்றுவிடுவான் என்று ஜிம்மில் எல்லோருக்கும் பாடம் எடுப்பார். நல்ல யோசனைதான். அவர் வீட்டிலேயே அது நடப்பதில்லை. காற்றுப் புகாத மூடி போட்ட மூன்று கிலோ டப்பாவை நசுக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அடுக்களை அட்டாலியில் வரிசையாக நிற்கின்றன.

மாஸ் கெய்னர் கதை வேறு. ஒல்லிப் பையன்களுக்கு அவர் சிபாரிசு செய்யும் அந்த மூட்டையின் பின்பக்கம் முதலில் எழுதியிருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். சோளமோ கிழங்கோ, ஏதோ ஒரு மாவுச்சத்தை உடைத்த பொடி. அப்பா கிழங்கை டன் கணக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு விலை இல்லை என்று புலம்ப, மகன் அதே ஜாதிப் பொடியைக் கிலோ ஆயிரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அப்பாவுக்கும் மகனுக்கும் இன்னும் இது தெரியாது. நான் சொல்லிக் குடும்பத்தில் குழப்பம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பையனுக்கு அண்ணன் தன் கையாலேயே பிரீ-வொர்க்அவுட் பொடி கலந்து கொடுத்தார். "ஒரே ஸ்கூப்புடா. மலையப் பேத்துருவே." கால் மணி நேரத்தில் பையன் காதைச் சொறிந்தான், கழுத்தைச் சொறிந்தான், பிறகு முகம் சிவந்து, "அண்ணா, ஒடம்பெல்லாம் எறும்பு ஊருதுங்ணா" என்று பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். கீழே நின்றிருந்த ஒரு பெரியவர், பூரான் ஏதோ தீண்டிவிட்டது என்று முடிவு கட்டி, மந்திரிக்கிறவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அண்ணன் குறுக்கே விழுந்து, "ஒண்ணுமில்லீங், பீட்டா அலனின்" என்றார். "அது எந்த ஊர்ப் பூரானுங்?" என்றார் பெரியவர். பீட்டா அலனின் அந்த ஊறலைக் கொடுக்கும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும், பெரும்பாலும் கெடுதல் இல்லை. பையனைப் பிடித்து ஆட்டியது அதனோடு சேர்ந்த காஃபின். இந்தப் பொடிகள் பலவற்றில் ஒரு ஸ்கூப்புக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். நல்ல உடம்புக்காரருக்கே நாளுக்கு 400 போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. பையன் அதற்கு முன்பே இரண்டு காபி குடித்திருந்தான். அன்று ராத்திரி முழுக்க விழித்திருந்து, பரீட்சைக்கு மூன்று யூனிட் படித்து முடித்துவிட்டதாகக் கேள்வி.

சிரிப்பு வராத ஓர் இடமும் உண்டு. மாவட்டப் போட்டிக்கு 400 மீட்டர் ஓடிப் பழகும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஏதோ மூலிகைப் பொடி சிபாரிசு செய்ய அண்ணன் மைதானத்துக்குப் போனார். உடற்பயிற்சி வாத்தியார் விசிலை ஊதிக்கொண்டே வாசல்வரை துரத்தினார். வாத்தியார் 2011-ஐ மறக்காதவர். அந்த வருஷம் இந்தியாவின் தொடர் ஓட்டப் பெண்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அதில் அஸ்வினி அக்குஞ்சி, 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியவர். சீனாவில் வாங்கிய ஜின்செங்கில்தான் கலப்படம் என்று அவர்கள் சொன்னார்கள். தண்டனை கொஞ்சம் குறைந்து ஒரு வருஷத் தடையாக வந்தது. 2012-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அதையும் இரண்டு வருஷமாக்கிவிட்டது. விதி அப்படி: வாய்க்குள் போனதற்கு ஓடுகிறவர்தான் பொறுப்பு, டப்பா விற்றவர் இல்லை, வாங்கிக் கொடுத்த அண்ணனும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவிலேயே எழுதாதபோது அந்தப் பொண்ணு எதைப் படித்துப் பார்ப்பாள்?

ஆடியில் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் நோம்பிக்குக் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, காத்தியவாரி என்று குதிரைகள் பளபளவென்று நிற்கும். அண்ணன் அங்கே மனிதர்களைப் பார்க்கமாட்டார். ஒரு கறுப்புக் குதிரையின் பின்தொடையை நெடுநேரம் பார்த்தார். "அந்தக் கட்டைப் பாருங். என்ன சப்ளிமென்ட் குடுக்கறீங்க்ணா?"

"கொள்ளு, தவுடு, புல்லுங்" என்றார் குதிரைக்காரர்.

"அதில்லீங். அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நானு உக்காருவனுங்."

கொள்ளு என்றதும் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நூறு கிராமில் 22 கிராம் போலப் புரதம் இருக்கிற சமாசாரம், நம் வீட்டு அடுப்பில் வாரத்துக்கு ஒருமுறையாவது கடையப்படுகிறது, படி இன்ன விலை என்று மளிகைக்கடையில் கேட்காமலே தெரியும். அதுதான் அதன் குறை. விலை தெரிந்த பொருள்மேல் பக்தி வராது.

போன மாசம் ஓர் இலவச முகாமில் அண்ணன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததில் கிரியேட்டினின் 1.5 என்று வந்தது. வீட்டில் ஒப்பாரியே கிளம்பிவிட்டது. கிட்னி போச்சு, டப்பாதான் காரணம், ஒரம்பரை எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்: "அது கிரியேட்டினுங். தெனம் அஞ்சு கிராம் சாப்பிடறேன். அது கரைஞ்சுதான் கிரியேட்டினின் ஆகுது. கிட்னிக்கு ஒண்ணுமில்லீங்." இதுதான் பரிதாபம். இத்தனை வருஷப் பிரசங்கத்தில் கிரியேட்டின் ஒன்றுதான் மிக அதிகம் ஆராயப்பட்டு, வேலை செய்யும் என்றும் 3-5 கிராம் அளவில் நல்ல உடம்புக்குப் பாதகமில்லை என்றும் தேறிய சரக்கு. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்தான் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அவர் முழுக்கச் சரியாகப் பேசிய அந்த ஒரு தடவை வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. மருத்துவர் கொஞ்ச வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்ததில் 1.1. "நிறுத்துனதும் கிட்னி திரும்பி வந்துருச்சு பார்த்தியா" என்றார் அம்மா.

அந்த நிறுத்தின வாரங்களில்தான் ஜிம்மின் ஒல்லிப் பையன் ஒருவன் போன் செய்து, சம்பளம் வரும் வரைக்கும் கொஞ்சம் பொடி கடன் கேட்டான். அண்ணன் ஈரோட்டில் இருந்தார். "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட அட்டாலியில இருக்கற நீல டப்பாவுல வாங்கிக்கடா" என்றார். பையன் ஒரு தூக்குப் போசி நிறைய வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் அவனே வந்தான். கையை மடக்கிக் காட்டினான். "ஏறுதுங்க்ணா! வாயில வச்சா வறுத்த வாசம் கும்முனு வருது. என்ன பிளேவருங்க்ணா இது?"

அண்ணனுக்கு எந்த பிளேவர் என்று நினைவில்லை. ஆனாலும் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி, "அதாண்டா இம்போர்ட்டட்" என்றார்.

"நல்லாருந்துதா கண்ணு?" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "இன்னும் ரெண்டு படி கொள்ளு வறுத்து வச்சிருக்கேன். அரைச்சுட்டு வந்ததும் இன்னொரு டப்பாவுலயும் போட்டுத் தர்றேன்."