மேலே அனுப்பியாச்சு

மதுரைப் பரவை காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை. காலை ஆறரைக்கு ஒருவர் வருவார். மஃப்டி. அதாவது, யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒட்ட வெட்டிய கிராப்பு, பாலிஷ் போட்ட பழுப்பு ஷூ. டீ மாஸ்டர் தூரத்திலேயே குரல் கொடுப்பார்: "ஏட்டய்யாவுக்குச் சீனி கம்மியா ஒண்ணு!" ரகசியம் காப்பாற்றப்பட்டது.

தனிப்பிரிவு ஏட்டு அவர். "என்னண்ணே, ஊர்ல என்ன விசேசம்?" என்பார். முளைப்பாரி ஊர்வலத்தில் எந்தத் தெருமுனையில் தகராறு வரும், எந்தக் கட்சியில் எவன் எவனோடு முறைத்துக்கொண்டு திரிகிறான், குழாயில் தண்ணீர் வராத எந்த ஏரியாப் பெண்கள் குடத்தோடு திண்டுக்கல் ரோட்டில் உட்காரப் போகிறார்கள், எல்லாம் பத்தே நிமிடத்தில் வந்து விழும். செல்போனில் தட்டுவார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருப்பார். "மேலே அனுப்பியாச்சுண்ணே. இனி அவங்க பாடு."

நாட்டின் உளவு வேலையில் கீழ்ப்பாதி இவ்வளவுதான். இதில் பெரிய பழுதில்லை. பழுதெல்லாம் அந்த 'மேலே'யில். வந்த தகவலைப் படிக்கிறார்களோ இல்லையோ, நாற்காலிகளை மட்டும் அடிக்கடி இடம் மாற்றிப் போடுகிறார்கள். அதற்கு வைத்திருக்கும் பெயர் மறுசீரமைப்பு.

1999 மே மாதம். கார்கில் பக்கம் தாஷி நம்க்யால் என்ற மேய்ப்பர், காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடி மலையேறினார். எதிர் மலையில் அந்நிய ஆட்கள் நடமாடுவதைப் பார்த்தார். இறங்கி வந்து ராணுவத்திடம் சொன்னார். 'ரா' இருந்தது. ஐ.பி. இருந்தது. ராணுவ உளவுப் பிரிவும் இருந்தது. கண்டுபிடித்தது ஒரு மாடு. அது மட்டும் அன்றைக்குப் பட்டியில் ஒழுங்காக இருந்திருந்தால், எதிரி இன்னும் எத்தனை நாள் அங்கே குடியிருந்திருப்பானோ! அந்தப் போரில் 527 வீரர்களைப் பறிகொடுத்தோம்.

பிறகு விசாரணை. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் குழு. குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இன்னார்தான் காரணம் என்று ஒருவரை நோக்கியும் விரல் நீளவில்லை. அமைச்சர்கள் குழு உட்கார்ந்தது. அமைப்புகள் முளைத்தன. 2001-இல் பல்முகமை மையம். 2002-இல் பாதுகாப்பு உளவு முகமை. 2004-இல் தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு பெயர்ப்பலகை, ஒரு கார்.

2008 நவம்பர் 26, மும்பை. பயங்கரவாதிகள் கடல் வழியாக வரலாம் என்று முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன. சொன்னபடியே கடல் வழியாக வந்தார்கள். 166 பேர் செத்தார்கள். உடனே என்.ஐ.ஏ. அப்புறம் நாட்கிரிட் என்ற தகவல் தொகுப்பு. அதற்கும் மேலே தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் என்றார் பின்னர் உள்துறை அமைச்சரான ப. சிதம்பரம். 2012 மார்ச் 1 முதல் நடக்கும் என்றார்கள். எங்கள் அதிகாரத்தில் கைவைக்காதே என்று மாநில முதல்வர்கள் மல்லுக்கு நின்றார்கள். மையம் வரவே இல்லை.

அது போகட்டும். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் விலகுவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டார்கள். 2010 ஜனவரியில் இருவருக்கும் தீர்ப்பு வந்தது. பாட்டீல் பஞ்சாப் ஆளுநர். நாராயணன் மேற்கு வங்க ஆளுநர். உளவு பிசகினால் இந்நாட்டில் தண்டனையே இல்லை என்று எவன் சொன்னது? நேராக ராஜ்பவன்தான்.

2018-இல் கூட்டு உளவுக் குழுவையே கரைத்துத் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்தில் ஊற்றினார்கள். அதன் தலைவர் ஆர்.என். ரவி துணை ஆலோசகர் ஆனார். அவர் பின்னாளில் எந்த ராஜ்பவனுக்கு வந்து சேர்ந்தார் என்பதைத் தமிழனுக்குச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

2024 ஜூலையில் இன்னொரு மாடி கட்டினார்கள். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவலுக்குக் கீழே கூடுதல் ஆலோசகர். அவருக்குக் கீழே துணை ஆலோசகர்கள் மூவர். வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டதைப் பார்த்து நாடே சிரித்தது. அதுவாவது காற்றடித்ததும் கரை ஒதுங்கியது. இது ஒதுங்காது. பென்ஷன் உண்டு.

மாடி கட்டி ஓராண்டு ஆகவில்லை. 2025 ஏப்ரல் 22, பஹல்காம் தாக்குதல். 26 உயிர்கள். எட்டு நாளில் டெல்லி பதிலடி கொடுத்தது: தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவை மாற்றி அமைத்தார்கள். 'ரா'வின் முன்னாள் தலைவர் அலோக் ஜோஷி அதற்குத் தலைவர். மாதம் ஒன்று முடிவதற்குள் ஐ.பி. இயக்குநர் தபன் டேகாவுக்கு மேலும் ஓராண்டு பதவி நீட்டிப்பு. ஜூலையில் காஷ்மீரின் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா, பாதுகாப்புக் குறைபாட்டுக்கு முழுப் பொறுப்பு ஏற்பதாகச் சொன்னார். பொறுப்பை ஏற்றார். பொறுப்பிலேயே இருந்தார்.

டெல்லியை மட்டும் திட்டினால் நம் கோட்டை கோபித்துக்கொள்ளும். 2018 மே 22, தூத்துக்குடி. போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. இல்லை, தலைமைச் செயலாளரும் டி.ஜி.பி.யும் உளவுத்துறை ஐ.ஜி.யும் நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றது நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். அதைச் சொல்ல 2022 வரை ஆனது. தகவல் உச்சிப்படி வரை ஏறியது. ஏறிய பிறகுதான் காணாமல் போனது.

அதற்கும் முன்னே, 2011 அக்டோபர் 28. திருமங்கலம் பக்கம் ஆலம்பட்டி. அத்வானியின் யாத்திரை போக வேண்டிய சாலை. பாலத்துக்கு அடியில் பைப் வெடிகுண்டு. முதலில் கண்டு சொன்னது எந்த முகமை? உள்ளூர்க்காரர் கண். கார்கிலுக்கு ஒரு மேய்ப்பர், மதுரைக்கு ஓர் ஆலம்பட்டிக்காரர். சம்பளமும் சல்யூட்டும் இல்லாத உளவுத்துறை இதுதான்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்றார். பத்துக் குறளில் இந்த ஒன்றை மட்டும் அதிகாரிகள் சிரமேற்கொண்டிருக்கிறார்கள். ஒரு முகமைக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒற்றன் கொண்டுவந்ததன் பொருள் விளங்காத அரசன் வெல்ல வழியே இல்லை என்றும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் கிழிந்துவிட்டது போலும்.

ஏன் கிழித்தாய் என்று கேட்கவும் ஆளில்லை. ஐ.பி. பிறந்தது 1887-இல். இன்றுவரை அதற்கென்று ஒரு சட்டம் கிடையாது. பிரிட்டன் தன் எம்.ஐ.5-க்கு 1989-இல் சட்டம் போட்டுவிட்டது. 1994-இல் உளவு முகமைகளைக் கேள்வி கேட்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழுவும் வைத்தது. வெள்ளைக்காரன் இங்கே பெற்றுப்போட்ட பிள்ளைக்கு மட்டும் இன்னும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 2011-இல் மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது அப்படியே படுத்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? 24-ஆம் பிரிவு கதவைச் சாத்தும். ரகசியமாம். எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். நம் லட்சணம் எதிரிக்குத் தெரிந்துதானே நடந்து வருகிறான்! தெரியாதது நமக்கு மட்டும்தான்.

மானம் போனால் உயிரையே விட்டுவிடுவோருக்கு வள்ளுவர் உவமை காட்டிய கவரிமா, மான் அல்ல. இமயத்து மாட்டினம் என்கிறார்கள் தமிழறிஞர்கள். நம்க்யால் தேடிப் போன மாடும் அந்தச் சாதிதான். 1999-லிருந்து டெல்லியில் காணாமல் போயிருப்பதும் அதுதான். உயிரை விடச் சொல்லவில்லை. நாற்காலியை விடுங்கள் என்கிறோம்.

நேற்றும் ஏட்டய்யா வந்தார். பைக்குக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுத்தான் ஊர் ஊராகத் திரிகிறார். "படி கேட்டு எழுதினீங்களே, என்னாச்சு?" என்றேன்.

டம்ளரை வைத்தார். "மேலே அனுப்பியாச்சுண்ணே."